வரிசை எண் 212

தஞ்சாவூர்
14 நவம்பர் 2011

கனி,

முதலில் கையைத் துடைத்துக்கொள். ஈரக் கையோடு தடவினால் புள்ளியெல்லாம் அமுங்கிப்போகும். அப்புறம் "அண்ணன் என்ன எழுதுச்சுன்னே புரியல" என்று பழியை என்மேல் போடுவாய். துடைத்தாயா? சரி, இப்போது கேள்.

ஜெயித்துவிட்டேன்! பதினான்கு மாதம், ஆறு மனு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி. நிவாரண வாரியம் இறங்கி வந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் உன் மாமியார் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு ஊருக்கே ஒலிபரப்புகிறார். அதனால்தான் நம் பழைய வழி. சின்ன வயதில் லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்கு இந்த ஆறு புள்ளி பிரெயில் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது எதற்கு உதவியதோ இல்லையோ, இதற்கு உதவுகிறது.

அமிர்தத்தை உனக்குத் தெரியும். பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு படித்தவள், இப்போது கீழவாசலில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறாள். போன வருஷம் அவள் பெயர் உதவிப் பட்டியலில் வந்திருந்தது. வாரியத்தின் வலைத்தளத்தில் போட்டிருந்தார்கள். எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பதிவேட்டைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அப்படியே ஏற்றிவிட்டார்கள். கண்ணுள்ளவர்களுக்கு அது எழுத்து. எங்கள் கம்ப்யூட்டரில் வாசித்துக் காட்டும் குரலுக்கு அது வெறும் படம். "படம்... படம்..." என்று மூக்கடைத்த ஆள் மாதிரி சொல்லிவிட்டு நின்றுவிடும். முப்பது நாளுக்குள் நேரில் வரவில்லை என்று அமிர்தத்தின் பெயரை அடித்துவிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு உதவியாம், அதைப் பார்வையற்றவர் வாசிக்க முடியாதாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

இப்போது எல்லாப் பட்டியலையும் எழுத்தாக மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். பழசு, புதுசு, தொண்ணூறிலிருந்து எல்லாம். வெள்ளிக்கிழமை பாங்கில் சாப்பாட்டு நேரத்தில் என் பெயரை அடித்தேன். "இளம்பரிதி, தந்தை பெயர் ரெத்தினம், ஊன்றுகோல் ஒன்று" என்றது. நான் கவனிக்க வேண்டிய டெலிபோன் போர்டு அலறிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்காமல் மூன்று தரம் இதையே கேட்டேன். அப்பா பெயரை ஒரு மெஷின் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. செத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது, மனுஷன் பெயர் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் போன் போட்டுச் சொன்னேன். "சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டே நம்ம ஊர்ப் பேரு எதை வேணாலும் அடிச்சுப் பாருங்க மாப்ள, டக்குனு வந்து நிக்கும்" என்றேன். "பெரிய ஆளாயிட்டீங்க மச்சான்" என்று சிரித்தார்.

முல்லைக்கு என் முத்தம். ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் என்னை "கண்ணாடி மாமா" என்றுதான் கூப்பிடுகிறாளா?

பரிதி


திருப்பனந்தாள்
2 டிசம்பர் 2011

அண்ணே,

கையைத் துடைத்துக்கொண்டேன், போதுமா? வாத்தியார் புத்தி போகாது உனக்கு.

நீ ஜெயித்ததைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். அம்மாவுக்கு எப்படியாவது சொல்லி அனுப்பு. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும், நாற்று நட்ட கால்வலியெல்லாம் மறந்துபோகும்.

நெய்னா முகம்மது மளிகைக் காலண்டரில் நவம்பரைக் கிழித்து இதைக் குத்துகிறேன். அந்தத் தாள்தான் தடிமன். நான் குத்துவதை அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி இது, அம்மை வாத்த மாதிரி" என்கிறார். "அண்ணனுக்குக் கடுதாசி அத்தை" என்றால் நம்புவதில்லை. தபால்காரர் ஸ்டாம்பு கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறாரே, அதில்தான் சந்தேகம் முற்றுகிறது. பார்வையற்றவர்கள் எழுத்துக்குத் தபால் செலவு கிடையாது என்று எத்தனை தரம் சொல்வது?

இனி விளையாட்டு இல்லை அண்ணே. "எல்லாப் பட்டியலும்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

எனக்குப் பதின்மூன்று வயதில் இடது முழங்கைக்குக் கீழே அந்த வெளுத்த தேமல் வந்தது. சுரணை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவனே நீதான். நீ அந்த இடத்தில் கிள்ளிக்கொண்டே இருந்தாய், நான் பாட்டுக்குப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் மாத்திரை தின்றேன். "சரியாப்போச்சு, பள்ளிக்கூடம் போ" என்று நர்சம்மா அனுப்பிவிட்டார். அப்பா வாரியத்தில் கைநாட்டு வைத்து ஒரு கம்பளியும் ரப்பர் செருப்பும் வாங்கிவந்தார். அதோடு தொழுநோய் என்ற பேச்சையே நம் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. கல்யாணம் பேசும்போது, நெல் அவிக்கையில் பட்ட சூடு என்று அம்மா சொல்லிவிட்டது. ஆறு வருஷமாக இந்த வீட்டில் அது சூட்டுத் தழும்புதான்.

அப்பாவின் அந்தக் கைநாட்டும் பட்டியலில் இருக்கிறதா? பார்த்துச் சொல். உடனே சொல். இருந்தால் நானே இவரிடம் முந்திச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வருகிறார். முல்லை என் இடது கையில் தலை வைத்துத்தான் தூங்குவாள், உனக்குத் தெரியும்.

கனி


தஞ்சாவூர்
12 டிசம்பர் 2011

கனி,

பார்த்தேன். இல்லை. தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பதிவேடு பாதி கரையான் தின்றதாம். வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் எதையும் கிளறவும் வேண்டாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பாங்கில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், பேப்பரில் படத்தோடு வந்ததாம். படத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அமிர்தம் மறுபடி விண்ணப்பம் போட்டுவிட்டாள். சம்பா கதிர் பால் பிடித்திருக்கும் நேரம், இந்த மழை நின்றால் தேவலை என்று அம்மா புலம்புகிறது.

போர்டு அடிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

பரிதி


அம்மா வீடு, திருவாரூர் வட்டம்
29 ஜனவரி 2012

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நான் அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. அம்மா உங்களுக்கு வெறுமனே "கனி வந்திருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

காணும் பொங்கலன்று சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். சிங்கப்பூரிலேயே அச்செடுத்து, மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோன தாள். வரிசை எண் 212. கனிமொழி. தந்தை பெயர் ரெத்தினம். வயது 13. நம் ஊர், நம் தெரு. நோய்: தொழுநோய். வழங்கியது: கம்பளி ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, அளவு ஐந்து.

செருப்பின் அளவைக்கூட விடவில்லை அண்ணா. குணமாகிவிட்டது என்று போட மட்டும் அதில் கட்டம் இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. "மச்சான் பெருமையா சொன்னாரேன்னு சும்மா அடிச்சுப் பாத்தேன் கனி. வேற யாரு பேர அடிப்பேன், ஒம் பேரத்தான் அடிச்சேன்" என்றார். அப்புறம், "ஆறு வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டு அழுதார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். முல்லையைக் கும்பகோணத்துக்குத் தோல் டாக்டரிடம் கொண்டுபோய் உடம்பெல்லாம் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. "இது ரத்தத்துல இருக்கும், பேத்திய என்னால பணயம் வைக்க முடியாது" என்றுவிட்டார். மூன்றாம் நாள் காரில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். அங்கே கிளம்பும்போது முல்லை கார் பின்னாலேயே ஓடிவந்தாள். "ரெண்டு நாள்ல வந்துருவேன்டி" என்று கத்தினேன்.

பார்த்தேன், இல்லை என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் தாளை எடுப்பதற்கு முன்னால் நானே சொல்லியிருந்தால் அது என் வாயால் வந்த உண்மையாக இருந்திருக்கும். இப்போது நான் பிடிபட்டவள். உங்கள் விரலுக்கு எட்டாமல் போனதா, இல்லை தெரிந்தே எழுதினீர்களா? எனக்கு அது தெரிய வேண்டும்.

என் பெயரை அங்கிருந்து எடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு முல்லை பள்ளியில் எவனாவது ஒருவன் அவள் அம்மா பெயரை அடித்துப் பார்க்கக் கூடாது.

கனிமொழி


தஞ்சாவூர்
9 பிப்ரவரி 2012

கனி,

நீ "எழுதினீர்கள்" என்று குத்தியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நீ என்னை அப்படிச் சொன்னதில்லை.

தெரிந்தேதான் எழுதினேன்.

உன் கடிதம் வந்த அன்றே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பெயரை அடித்தேன். அந்த மூக்கடைத்த குரல் எல்லாவற்றையும் சொன்னது, அளவு ஐந்து வரைக்கும். உடனே வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

அமிர்தம் அந்த வாரம்தான் மறுபடி விண்ணப்பம் போட்டிருந்தாள். உன் வரியைப் பற்றி வாயைத் திறந்தால், இதையே சாக்காக வைத்து எல்லாப் பட்டியலையும் பழையபடி படமாக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். இது பாதி நிஜம். மீதி நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜென்மத்தில் முதல் தடவையாக நாலு பேர் என்னைச் "சார்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சால்வையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்தின பட்டியலை யார் தேடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டது மறந்துவிட்டது என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை கனி. அவர் வேலை அலுப்பில் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன்.

உன் கையில் கிள்ளிப் பார்த்தவன் நான். உன் வாயை அடைத்தவனும் நானே. என்ன வேண்டுமானாலும் திட்டு.

நேற்று வாரியத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டேன். பட்டியல் எழுத்தாகவே இருக்கட்டும், நோயாளிகள் பெயரையும் ஊரையும் மட்டும் எடுங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த அலுவலர், "நீங்கதானே சார் எல்லாத்தையும் போடச் சொன்னீங்க?" என்றார்.

மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை.

பரிதி


அம்மா வீடு
18 மார்ச் 2012

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எரித்துவிடலாம் என்று அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். எரிக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் இன்று பேச்சு இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, "நோய் இல்லை, 1997லேயே முழுக் குணம்" என்று டாக்டரிடம் எழுதி வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு திருப்பனந்தாளுக்குப் போனேன். அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். முல்லையின் அப்பா சிங்கப்பூருக்குப் போய்விட்டார், போனில்தான் பேசினார். சான்றிதழை வாசித்துக் காட்டினேன். "கவர்மெண்டே போட்டிருக்கே கனி" என்றார். "இதுவும் கவர்மெண்ட் டாக்டர்தாங்க" என்றேன். "அது எல்லாரும் பாக்கிறது, இது நீ கையில வச்சிருக்கிறது" என்றார்.

முல்லை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வரவில்லை. திரும்பி அப்பாயியைப் பார்த்தாள்.

எனக்கு அடுத்த வரியில் 213 என்று நஃபீசா பெயர் இருக்கிறது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை வாங்கியவள், கூத்தாநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு யார் சொல்வது? மனு கொடுத்து நாற்பது நாள் ஆகிறது. என்ன ஆயிற்று?

கனிமொழி


தஞ்சாவூர்
11 ஜூலை 2012

கனி,

நான்கு மாதம் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. மனுவுக்கு மேல் மனு கொடுத்தேன். இன்று ஒரு முடிவு தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் அந்த அலுவலரே போன் செய்தார். "சார், சந்தோசமா? உங்க தங்கச்சி பேரை இனி யாரு தேடினாலும் வராது. எடுத்தாச்சு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் பெயரை அடித்துப் பார்த்தேன். வரவில்லை. என் பெயரை அடித்தேன். அதுவும் வரவில்லை. அமிர்தம் பெயரை அடித்தேன். வரவில்லை. பட்டியலையே திறந்தேன். "படம்... படம்... படம்..." என்றது.

பக்கத்து மேசையில் இருக்கும் கமருன்னிஸா அம்மாளைக் கூப்பிட்டு, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் மெதுவாக, "பழைய ரெஜிஸ்டர் சார். பேரெல்லாம் தெளிவா இருக்கு" என்றார். "இருநூத்துப் பன்னெண்டு?" என்றேன். "இருக்கு சார்" என்றார். அப்பாவின் கைநாட்டுகூட நீல மையில் தெரிகிறதாம்.

புரிகிறதா கனி? அவர்கள் உன்னை எடுக்கவில்லை. எழுத்தை எடுத்துவிட்டுப் பழையபடி படத்தை வைத்துவிட்டார்கள். கண்ணிருக்கிற எவனும் பக்கத்தைத் திறந்து இன்றைக்கும் உன்னை வாசிக்கலாம். என்னாலும் அமிர்தத்தாலும் மட்டும்தான் முடியாது. உலகத்தில் யாரிடமிருந்து உன்னை மறைக்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, என்னிடமிருந்து மறைத்துவிட்டார்கள்.

அமிர்தத்தின் பெயர் புதுப் பட்டியலில் வந்திருந்ததாம். முப்பது நாள் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. அவளிடம் சொன்னேன். பிரம்பைப் பின்னிக்கொண்டே, "விடு பரிதி, தங்கச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

உனக்கும் இல்லாமல், அவளுக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து மனு எழுதப்போகிறேன். வேறு என்ன எனக்குத் தெரியும்?

பரிதி


அம்மா வீடு
5 ஆகஸ்ட் 2012

அண்ணே,

"அண்ணே" என்று எழுதிவிட்டேன் என்பதற்காக ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை. நீ எழுதிய அந்த "இல்லை" இன்னும் குத்துகிறது. ஆனால் இந்தக் காரியத்தைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

முதலில் மனு. படத்தை எடுத்துவிட்டு எழுத்தையே மறுபடி போடச் சொல். அமிர்தம் வாசிக்கட்டும். நோய்ப் பட்டியலை மட்டும் மொத்தமாக இறக்கச் சொல், நஃபீசாவையும் சேர்த்து. இறக்க மாட்டோம் என்றால் குணமானவர் என்று ஒரு கட்டம் போடச் சொல். சான்றிதழின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன்னால் வாசிக்க முடியாது, கமருன்னிஸா அம்மாளிடம் கொடு.

இனி முல்லை. ஆடிப்பெருக்குக்குப் பிள்ளையைக் காட்டுகிறோம் என்று அவர் சிங்கப்பூரிலிருந்து சொல்லி ஏற்பாடு செய்தார். அந்த மனுஷனுக்குள் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. படித்துறைக்குப் போனேன். மேட்டூர் திறக்கவில்லை, ஆறு வெறும் மணல். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மணலில் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை முல்லையை அழைத்துவந்தார். வளர்ந்துவிட்டாள் அண்ணே. முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

நாலு படி தள்ளியே நின்றாள். "அம்மா, ஒன்னத் தொடக் கூடாதாம்" என்றாள். கோபமில்லை, பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி ஒப்பித்தாள். "சரிடி தங்கம், தொட வேணாம்" என்றேன். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் புள்ளி குத்தும் பலகையும் ஊசியும் இருந்தன, உனக்கு எழுதலாம் என்று எடுத்துப்போயிருந்தேன். காலண்டர் தாளில் "முல்லை" என்று குத்தினேன். தாளைப் படியில் வைத்துவிட்டு நான் மூன்று படி மேலே ஏறி நின்றுகொண்டேன். "அதுல ஒம் பேரு இருக்கு" என்றேன்.

"இதத் தொடலாமா?" என்று அப்பாயியைக் கேட்டாள். அத்தை ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தடவினாள். மறுபடி தடவினாள். பூசை முடிந்து எல்லோரும் கிளம்பும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோக அத்தை விடவில்லை. "அத அங்கயே போட்டுட்டு வா" என்றார். போட்டுவிட்டுப் போனாள்.

அந்தத் தாளையும் உனக்கு வைத்திருக்கிறேன். நடுவில் சில புள்ளிகள் அமுங்கியிருக்கும், எழுத்து சரியாகப் பிடிபடாது. அது என் குத்தில் தப்பில்லை. பிள்ளை கை பட்ட இடம். பார்த்துத் தடவு அண்ணே.

கனி